வானொலி நேர்காணலுக்குப் போகும் பாடகிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தானே எழுதி, தானே மெட்டமைத்து, தன் கைக்காசில் பாட்டை வெளியிடும் பெண்கள் வானொலி நேர்காணல் பற்றி என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். இசை நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து பழகியவள் நான். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தபோது தெரிந்ததை இங்கே பதிலாக எழுதியிருக்கிறேன்.

பாட்டைத்தான் ஸ்ட்ரீமிங் தளங்களில் போட்டுவிட்டேனே, வானொலி நேர்காணல் எதற்கு?

தளத்தில் உங்கள் பாட்டைக் கேட்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடுத்த பாட்டு தானாக வந்துவிடும், உங்கள் பெயரைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார். வானொலியில் நிலைமை வேறு. கேட்பவர் ஏற்கெனவே நம்பும் ஒரு குரல், "இவரைக் கொஞ்சம் கேளுங்கள்" என்று உங்களை அறிமுகப்படுத்துகிறது. பிறகு பத்து நிமிடம் நீங்கள் பேசுகிறீர்கள். அதற்குப் பின் ஒலிக்கும் பாட்டு, தெரிந்த ஒருவரின் பாட்டாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. வானொலி கேட்பவர் வண்டி ஓட்டிக்கொண்டோ வேலை செய்துகொண்டோ இருப்பார், கை வேறெதிலோ இருக்கும். பிடிக்கவில்லை என்றவுடன் விரலால் தள்ளிவிட மாட்டார். பாட்டின் இரண்டாவது சரணம் வரை காது கொடுக்கும் கேட்பவர் இன்றைக்கு அரிது.

ஆனால் ஒரே நேர்காணலில் லட்சம் பேர் ரசிகர்களாகிவிடுவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். நேர்காணலால் கிடைப்பவர்கள் சிலர்தான். அந்தச் சிலர் நிலைத்து நிற்பார்கள்.

எந்த நிலையத்தை அணுக வேண்டும்? பெரிய நிலையங்களையா?

பெரிய வணிகப் பண்பலை நிலையங்களில் பகல் நேரப் பாட்டுப் பட்டியலைத் தொகுப்பாளர் தீர்மானிப்பதில்லை. அது இசைப் பொறுப்பாளரும் நிகழ்ச்சி இயக்குநரும் முடிவு செய்வது. பல ஊர்களில் கிளை பரப்பிய நிறுவனம் என்றால் ஒரே இடத்திலிருந்து எல்லா நிலையங்களுக்கும் பட்டியல் போகும். அங்கே தொகுப்பாளருக்கு உங்களைப் பிடித்திருந்தாலும் அவர் கையில் அதிகாரம் இருக்காது.

சமூக வானொலி, பல்கலைக்கழக வானொலி, பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் சிறப்பு இசை நிகழ்ச்சிகள் ஆகியவற்றில்தான் பாட்டைத் தேர்ந்தெடுப்பவரும் உங்களுடன் பேசுபவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பார். புதியவர்களுக்கென்றே திறந்து வைத்த வாசல்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலி 1995-இல் 'அன்எர்த்ட்' என்ற பெயரிலும், பிபிசி 2007-இல் 'இன்ட்ரொடியூசிங்' என்ற பெயரிலும் அத்தகைய திட்டங்களைத் தொடங்கின. நிறுவன ஆதரவில்லாத கலைஞரும் தன் பாட்டைத் தானே அனுப்பலாம் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. உங்கள் நாட்டில், உங்கள் மொழியில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

எங்கே அணுகினாலும் நிலையத்தைப் பார்த்து அனுப்பாதீர்கள், நிகழ்ச்சியைப் பார்த்து அனுப்புங்கள். அந்த நிகழ்ச்சியில் உங்களைப் போன்ற ஒருவரின் பாட்டு ஒலித்திருந்தால் அதுவே உங்கள் இடம்.

மடலில் என்ன எழுதுவது?

ஒரு தயாரிப்பாளரின் அஞ்சல் பெட்டியில் குவிபவற்றில் பெரும்பாலானவை "நான் ஓர் உணர்ச்சிமிக்க இசைக்கலைஞர், சிறு வயதிலிருந்தே இசையின் மீது தீராத காதல்" என்றுதான் தொடங்கும். இசையை வெறுப்பவர் யாரும் பாட்டு அனுப்புவதில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

முதல் பத்தியில் பாட்டின் பெயர், வெளியாகும் நாள், பாட்டு எதைப் பற்றியது என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம். இரண்டாவது பத்தியில் இந்த நிகழ்ச்சிக்கு ஏன் அனுப்புகிறீர்கள் என்ற காரணம். நிகழ்ச்சியை உண்மையாகவே கேட்டிருந்தால் மட்டும் அதைச் சொல்லுங்கள், கேட்காமல் புகழ்வது உடனே தெரிந்துவிடும். அடுத்து, உங்களிடம் பேசினால் என்ன பேசலாம் என்பதற்கு ஒன்றிரண்டு பொருள்கள். கடைசியாக, சொடுக்கியவுடன் ஒலிக்கும் ஓர் இணைப்பு. அவ்வளவு போதும்.

பாட்டுக் கோப்பை மடலோடு இணைக்க வேண்டாம், பெட்டி நிரம்பிவிடும். சில நாட்களில் காலாவதியாகும் இணைப்பையும் கொடுக்க வேண்டாம். தயாரிப்பாளர் உங்களைத் தேடும் நாள், நீங்கள் அனுப்பியதிலிருந்து மூன்று வாரம் தள்ளிக்கூட இருக்கலாம்.

பதில் வரவில்லை என்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் அந்தப் பாட்டுக்கு அங்கே இடமில்லை என்று பொருள். உங்களுக்கு இடமில்லை என்று பொருளல்ல.

எவ்வளவு முன்னதாக அனுப்ப வேண்டும்?

வெளியீட்டு நாளுக்கு ஒரு மாதத்துக்கு மேலாக. பாட்டு வெளியான அன்று அனுப்பினால் அது தயாரிப்பாளருக்குப் பழைய செய்தி. நேர்காணல் ஒலிபரப்பாகும் நாளில் பாட்டு எல்லோருக்கும் கிடைக்கும்படி இருக்க வேண்டும். "அடுத்த மாதம் வருகிறது" என்று வானொலியில் சொல்வதால் பயனில்லை, அடுத்த மாதம் வரை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

கோப்பு எந்த வடிவத்தில் இருக்க வேண்டும்? ஒலிக்கலவையில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பு ஒன்று, 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்று. இரண்டும் இருந்தால் எந்த நிலையமும் குறை சொல்லாது. வேவ் கோப்பில் கலைஞர் பெயர் போன்ற விவரங்கள் பல மென்பொருள்களுக்கு இடையே தொலைந்துபோகும். எனவே கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயரும் பாட்டின் பெயரும் இருக்கட்டும். 'இறுதி_புதியது_2' என்ற பெயரில் வந்த பாட்டுகள் நிலையங்களின் கணினிகளில் அனாதைகளாகக் கிடக்கின்றன.

ஒலிக்கலவை விஷயத்தில் மூன்று செய்திகள் தெரிந்திருந்தால் நல்லது. பண்பலை ஒலிபரப்பு ஏறக்குறைய 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் சுமந்து செல்லும், ஏனென்றால் ஸ்டீரியோவுக்கான அடையாள ஒலி 19 கிலோஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கிறது. உச்சத்தில் மினுமினுக்கும் ஒலிகளை நம்பிப் பாட்டைக் கட்டியிருந்தால் அவை வானொலியில் வராது. அடுத்தது மோனோ, அதாவது இடமும் வலமும் கலந்து ஒற்றை ஒலியாக வருவது. ஒற்றை ஒலிபெருக்கி உள்ள வானொலிப் பெட்டிகள் இன்னும் ஏராளம், அலைவலிமை குறைந்த இடத்தில் நல்ல பெட்டிகளும் மோனோவுக்கு நழுவும். இடம் வலம் என்று அகலமாக விரித்த சில ஒலிகள் மோனோவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். துணைக்குரல்கள் காணாமல் போன பாட்டுகளை நான் கேட்டிருக்கிறேன். அனுப்பும் முன் ஒருமுறை மோனோவில் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது சத்த அளவு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் வெளியிட்ட ஆர்128 பரிந்துரை, ஒலிபரப்புக்கு மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற சராசரி அளவை வைத்தது. ஸ்ட்ரீமிங் தளங்கள் பல மைனஸ் 14-ஐ ஒட்டி வைத்திருக்கின்றன. நீங்கள் எந்த அளவில் அனுப்பினாலும் நிலையத்தில் இருக்கும் ஒலியைச் சீரமைக்கும் கருவி தன் விருப்பப்படி இழுத்து அமுக்கித்தான் அனுப்பும். ஏற்கெனவே நசுக்கிய பாட்டை அது இன்னும் நசுக்கும்போது பாட்டு மூச்சுத் திணறும். அடுத்தவர் பாட்டைவிடச் சத்தமாக இருக்க வேண்டும் என்ற போட்டியை விட்டுவிடுங்கள்.

என் பாட்டு ஏழு நிமிடம். சுருக்க வேண்டுமா? மனம் வரவில்லை.

பாட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், வானொலிக்கென்று ஒரு குறும்பதிப்பைத் தனியாகச் செய்யுங்கள். மூன்று, நான்கு நிமிடம் என்ற வழக்கம் யாரோ ஒருவரின் ரசனையில் பிறந்ததல்ல. பத்து அங்குல 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் கொண்டது. தட்டு போய்விட்டது, வழக்கம் தங்கிவிட்டது.

குறுக்கும்போது முதலில் கை வைக்க வேண்டியது முன்னிசையில். ஒரு நிமிட முன்னிசை மேடையில் அழகு, வானொலியில் அதன் மேல் தொகுப்பாளர் பேசிவிடுவார். வசைச்சொல் இருந்தால் அதை நீக்கிய பதிப்பும் வேண்டும். கேட்பார்களா என்று காத்திருக்காதீர்கள்.

ஒலிபரப்பப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

விளம்பர நேரம் வாங்குவது வேறு, அது விளம்பரம் என்று அறிவிக்கப்படும். பணம் வாங்கிக்கொண்டு, சொந்த ரசனையால் தேர்ந்தெடுத்தது போலப் பாட்டைப் போடுவது பழைய வியாதி. அமெரிக்காவில் 1959-60-இல் இது நாடாளுமன்ற விசாரணை வரை போனது. ராக் அண்ட் ரோலைப் பரப்பிய ஆலன் ஃப்ரீட் போன்ற புகழ்பெற்ற தொகுப்பாளரின் வாழ்க்கையையே அது சாய்த்தது. பணம் பெற்று ஒலிபரப்பினால் அதைக் கேட்பவருக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்று 1960-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்றும் 'விளம்பர ஆலோசகர்', 'இடம் உறுதி' என்ற வேறு பெயர்களில் அதே கடை திறந்திருக்கிறது. பாட்டை எல்லா நிலையங்களுக்கும் அனுப்பித் தருவதற்குக் கூலி கேட்பவரிடம் என்ன வேலை செய்வார் என்று கேளுங்கள். ஒலிபரப்புக்கு உறுதி தருகிறேன் என்கிறவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

அந்த நிகழ்ச்சியின் பழைய நேர்காணல் ஒன்றைக் கேளுங்கள். தொகுப்பாளர் நீளமாகப் பேசுகிறவரா, குறுக்கே புகுகிறவரா, சிரிப்பை விரும்புகிறவரா என்று பிடிபடும்.

ஒரே பக்கத்தில் ஒரு குறிப்புத் தாள் செய்து முன்கூட்டியே அனுப்புங்கள். உங்கள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும், பாட்டின் பெயர், கூடவே வாசித்தவர்கள் யார், அடுத்த கச்சேரி எப்போது, எங்கே கேட்கலாம். பெயர் உச்சரிப்பைத் தவறாமல் எழுதுங்கள். அறிமுகத்திலேயே பெயர் பிசகினால், திருத்துவதா விடுவதா என்ற தர்மசங்கடத்திலேயே முதல் இரண்டு நிமிடம் போய்விடும்.

பிறகு மூன்று சம்பவங்களைத் தயார் செய்யுங்கள். பதில்களைத் தயார் செய்ய வேண்டாம், சம்பவங்கள் போதும். எழுதி மனப்பாடம் செய்த பதில் காதுக்கு உடனே தெரிந்துவிடும், வாக்கியங்கள் நடுவில் மூச்சு விடாமல் ஓடும். சம்பவம் தெரிந்திருந்தால் எந்தக் கேள்விக்கும் அதை நோக்கித் திரும்பலாம்.

"இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என்ன சொல்வது?

நேர்காணலே இந்தக் கேள்விதான். மற்றதெல்லாம் இதற்கு முன்னும் பின்னும் வருபவை.

பெரும்பாலோர் சொல்லும் பதில்: "இது தனிமை பற்றிய பாட்டு. நகர வாழ்க்கையில் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் தனிமையை உணர்கிறோம் அல்லவா, அந்த உணர்வை வெளிப்படுத்த நினைத்தேன்." இதில் பொய் எதுவும் இல்லை. காதில் ஒட்டிக்கொள்ளவும் எதுவும் இல்லை. தனிமை பற்றிய பாட்டு ஆயிரம் இருக்கிறது, கேட்பவர் ஏன் இதற்காகக் காத்திருக்க வேண்டும்?

அதே பாட்டுக்கு இப்படி ஒரு பதிலை நினைத்துப் பாருங்கள்: "என் தலைக்கு மேல் மாடியில் ஒருவர் குடியிருந்தார். முகம் பார்த்ததில்லை. இரவு பதினொன்றுக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார், ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் அவர் வீடு மாறிப் போய்விட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நடையின் தாளத்தில்தான் இந்தப் பாட்டு போகிறது." இப்போது பாட்டு தொடங்கினால் கேட்பவர் அந்த இழுக்கும் காலைத் தேடுவார். முதல் சரணத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் பாட்டில் பாதி அவருடையதாகிவிடும்.

இந்தப் பதிலில் தனிமை என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வானொலியில் கேட்பவருக்கு எதையும் காட்ட முடியாது, ஆகவே சத்தமும் நேரமும் இடமும் உள்ள ஒரு காட்சியைச் சொன்னால் அவர் தானே பார்த்துக்கொள்வார். கிதாரை மேசையில் வைத்துவிட்டு அந்த நடையைக் கையால் தட்டிக் காட்டலாம். தொகுப்பாளர்கள் இப்படிப்பட்ட கணங்களுக்காகத்தான் விருந்தினரைக் கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பாட்டின் பொருளை முழுவதும் விளக்கிவிடாதீர்கள். எங்கே தொடங்கியது என்று சொல்லுங்கள், எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பாட்டுக்கு விட்டுவிடுங்கள். பாட்டு ஒலிக்கும் முன்பே முடிவைச் சொல்லும் பாடகிகளிடம், தயாரிப்பாளர் அறையிலிருந்து நான் கை காட்டி நிறுத்தியது உண்டு.

தொகுப்பாளர் பாட்டையே கேட்டிருக்கவில்லை என்று தெரிகிறது. என்ன செய்வது?

சாதாரணமாக நடப்பதுதான். ஒரு நாளில் பல விருந்தினர்களைச் சந்திப்பவர் அவர். முகம் சுளிக்காதீர்கள், சிக்க வைக்கும் எண்ணமும் வேண்டாம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற காலிக் கேள்வி உங்களுக்கு இலாபம், தயார் செய்த மூன்று சம்பவங்களில் சிறந்ததை அங்கே வையுங்கள். அடுத்த கேள்வி அதிலிருந்தே பிறக்கும்.

பெண் என்பதால் மட்டும் கேட்கப்படும் கேள்விகளை எப்படிச் சமாளிப்பது?

"வீட்டில் அனுமதிக்கிறார்களா?", "திருமணத்துக்குப் பிறகும் பாடுவீர்களா?", "யார் இசையமைத்துக் கொடுத்தார்கள்?" இந்த மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. எழுதியதும் மெட்டமைத்ததும் நானே என்று தாளில் எழுதி அனுப்பியிருந்தாலும், பின்னால் ஓர் ஆண் இருப்பார் என்ற ஊகத்தோடு கேட்பார்கள். "நான்தான்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு, அப்படியே செய்த விதத்துக்குள் நுழைந்துவிடுங்கள்: எந்தச் சுருதியில் தொடங்கினீர்கள், எந்த வரி மெட்டுக்குள் அடங்க மறுத்தது, எதை மாற்றினீர்கள் என்று. கைவேலையைப் பற்றிப் பேசுகிறவரிடம் யாரும் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

தனிப்பட்ட கேள்விகளுக்கு எல்லையை ஒலிபரப்புக்கு முன்பே போட்டுவிடலாம். "குடும்பம் பற்றி வேண்டாம், பாட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும்" என்று தயாரிப்பாளரிடம் சொல்வதில் தவறே இல்லை. நேரலையில் மீறிக் கேட்டால், "அதை என் அடுத்த பாட்டுக்காக வைத்திருக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே நகரலாம். சிரிப்பு வரவில்லை என்றால், "அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை" என்பதும் முழுமையான பதில்தான். கோபத்தை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பாட்டே உங்கள் வாழ்வின் காயத்திலிருந்து வந்திருந்தால், எவ்வளவு சொல்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். ஒலிவாங்கி முன்னால் அந்த முடிவை எடுக்கக் கூடாது. ஒலிபரப்பானதைத் திரும்பப் பெற முடியாது, அதில் வரும் மற்றவர்களுக்கு அங்கே பதில் சொல்ல வாய்ப்பும் இல்லை.

நிலையத்தில் நேரலையாகப் பாடச் சொல்கிறார்கள். பாடலாமா?

பாடுங்கள். ஒலிப்பதிவைவிட இதுதான் பலருக்கு நினைவில் நிற்கும்.

முன்பே கேட்க வேண்டியவை: எத்தனை ஒலிவாங்கிகள் உண்டு, கிதாரை நேரடியாக இணைக்க வசதி உண்டா, ஒலிச் சோதனைக்கு எவ்வளவு நேரம். பல பேச்சறைகளில் எதிரொலியே இருக்காது, சுவர்கள் குரலை விழுங்கிவிடும். மேடையில் கேட்கும் குரல் இங்கே வறண்டு தெரியும், அதற்காகக் கத்தாதீர்கள். ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தூரம் வையுங்கள். மிக நெருங்கினால் அடித்தொனி வீங்கும், 'ப' வரும் இடமெல்லாம் வெடிக்கும். உச்சத்துக்குப் போகும்போது தலையைச் சற்றே விலக்குங்கள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டால் சுருதி விலகாமல் இருக்கும்.

பாடுவதற்கு உங்கள் கடினமான பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். காலை எட்டு மணிக்குத் தொண்டை விழித்திருக்காது. ஒரே வாத்தியத்தில் நிற்கும் பாட்டு எதுவோ அது. மாற்றுத் தந்தி, மீட்டுக்கட்டை, சுருதி பார்க்கும் கருவி, எல்லாம் உங்கள் பையில் இருக்கட்டும். குலுங்கும் கைச்சங்கிலியும் நாற்காலிச் சத்தமும் ஒலிவாங்கிக்குப் பிரியமானவை, கழற்றிவிடுங்கள், நின்று பாடுங்கள்.

நேரில் போக முடியவில்லை. தொலைபேசியில் பேசலாமா?

வழி வேறு இல்லை என்றால் பேசலாம். பழைய முறைத் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும், 'ஸ', 'ஷ' போன்ற உரசொலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. குரல் தகரமாகக் கேட்கும், கேட்பவர் களைத்துவிடுவார். இணைய வழி அழைப்பு இதைவிட நல்லது. நேரலை இல்லை, முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்யும் நிகழ்ச்சி என்றால் இன்னும் சிறந்த வழி உண்டு: அழைப்பில் பேசிக்கொண்டே உங்கள் பக்கத்தில் நல்ல ஒலிவாங்கியில் உங்கள் குரலைத் தனியாகப் பதிந்து அனுப்புங்கள், அவர்கள் தங்கள் பதிவோடு சேர்த்துக்கொள்வார்கள். துணிகள் தொங்கும் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து பேசினால் அறை எதிரொலி குறையும்.

தொலைபேசி வழியே பாட மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குரல் நடுங்குகிறது. "ம்ம்", "வந்து" என்று இழுக்கிறேன்.

நடுங்கட்டும். கேட்பவர்கள் நடுக்கத்தை மன்னிப்பார்கள், பாசாங்கைத்தான் மன்னிப்பதில்லை. யோசிக்க ஒரு நொடி அமைதி தேவை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு நீளமாகத் தெரிவது அவர்களுக்குத் தெரியாது.

நேரலையில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டால்?

பல நிலையங்கள் நேரலையைச் சில நொடி தாமதித்தே அனுப்புகின்றன, பொறியாளர் ஒரு பொத்தானில் அதை வெட்டிவிடுவார். எல்லா நிலையங்களிலும் அது இல்லை. தவறான தகவல் என்றால் அங்கேயே திருத்துங்கள். ஒருவரைப் பற்றிய அவதூறு என்றால் நிகழ்ச்சி முடிந்ததும் தயாரிப்பாளரிடம் சொல்லுங்கள், மறுஒலிபரப்பிலும் இணையப் பதிவிலும் நீக்கிவிட முடியும்.

என் பாட்டை எங்கே கேட்கலாம் என்று எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு இடத்தைச் சொல்லுங்கள். ஐந்து தளங்களின் பெயரை வரிசையாக ஒப்பிக்கும் விருந்தினர்கள், கேட்பவரை ஒன்றுக்கும் அனுப்புவதில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் எழுதிக்கொள்ள முடியாது. காதால் கேட்டுத் தேடினால் கிடைக்கும் பெயர்தான் வேண்டும். உங்கள் மேடைப் பெயரில் எண்களும் கோடுகளும் விசித்திர எழுத்துக்கூட்டலும் இருந்தால் வானொலியில் அதற்கு விலை கொடுப்பீர்கள். வேறு ஒருவரிடம் பெயரைச் சொல்லி, தேடச் சொல்லிப் பாருங்கள்.

சொல்லும் நேரமும் முக்கியம். பாட்டு முடிந்த உடனே ஒருமுறை, விடைபெறும்போது ஒருமுறை. ஒவ்வொரு பதிலின் வாலிலும் கட்டித் தொங்கவிட்டால் விற்பனைப் பேச்சாகிவிடும்.

ஒலிபரப்பினால் எனக்குப் பணம் வருமா?

வரலாம். அதற்கு உங்கள் பெயரில் பாட்டின் உரிமையைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்பு, மற்றொன்று ஒலிப்பதிவு. தானே எழுதி, தானே பாடி, தன் செலவில் பதிந்தவருக்கு இரண்டும் அவருடையவை. சினிமாவிலோ நிறுவனத்திலோ பாடுபவருக்கு இந்தக் கொடுப்பினை அமைவது அரிது.

படைப்புக்கான உரிமத்தொகையைப் பெரும்பாலான நாடுகளில் ஆசிரியர் உரிமைச் சங்கங்கள் நிலையங்களிடமிருந்து வசூலித்துத் தருகின்றன. உறுப்பினராகி, பாட்டைப் பதிவு செய்தவர்களுக்கே அது வந்து சேரும். ஒலிப்பதிவுக்கும் அதில் பாடியவருக்கும் உரிய பங்கை 1961-ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கையின் வழியில் பல நாடுகள் தருகின்றன. அமெரிக்கா விதிவிலக்கு. அங்கே சாதாரண ஏ.எம்., எஃப்.எம். ஒலிபரப்புக்குப் பாடலாசிரியருக்கும் இசையமைத்தவருக்கும்தான் தொகை, பாடியவருக்கு இல்லை. அதே பாட்டு இணைய வானொலியிலோ செயற்கைக்கோள் வானொலியிலோ போனால் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலிக்கிறது. பாதி பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, 5 சதவீதம் துணைக் கலைஞர்களுக்கு.

இதற்கெல்லாம் சாவி ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்தெண் குறியீடு. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனித்தனி. சுருக்கிய வானொலிப் பதிப்பு வேறு பதிவாகவே கணக்கிடப்படும், அதற்கும் தனிக் குறியீடு வாங்குங்கள். உங்களுக்காகப் பாட்டை வெளியிட்ட வினியோகத் தளம் ஏற்கெனவே ஒன்றைக் கொடுத்திருக்கும், தேடி எடுத்துக் குறிப்புத் தாளில் எழுதுங்கள். வரும் தொகை பெரும்பாலும் சிறியது. சிறியது என்பதற்காக விட்டுவிடுபவர்களின் பணம், வருடங்கள் கழித்து வேறு யாருக்கோ பங்கிடப்படுகிறது.

நேர்காணல் பதிவை என் பக்கத்தில் போடலாமா?

கேட்டுவிட்டுப் போடுங்கள். பாட்டு உங்களுடையது, ஒலிபரப்பின் மீது நிலையத்துக்கு உரிமை உண்டு. கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு கோப்பையே அனுப்புவார்கள். முழு நேர்காணலையும் போடுவதைவிட, அந்த மாடிக் காலடி போன்ற ஒரு நிமிடத்தை வெட்டி, அதன் முடிவில் பாட்டு தொடங்கும்படி போட்டால் பலர் கேட்பார்கள்.

நேர்காணல் முடிந்தது. எதுவுமே மாறவில்லையே?

அன்று மாலை எண்ணிக்கை பார்த்து மனம் தளர்பவர்கள் அதிகம். வானொலியின் பலன் அடுத்த அழைப்பில் தெரியும். கச்சேரி ஏற்பாட்டாளருக்கும் அடுத்த நிலையத்துக்கும் எழுதும்போது, "இன்ன நிகழ்ச்சியில் பேசினேன், இதோ பதிவு" என்ற வரி வேலை செய்யும். நீங்கள் பேசத் தெரிந்தவர் என்பதற்கு அது சான்று.

தொகுப்பாளருக்கும் தயாரிப்பாளருக்கும் தனித்தனியே நன்றி எழுதுங்கள், இரண்டு வரி போதும். பொறியாளரின் பெயரையும் கேட்டு வைத்து அதில் சேர்த்துவிடுங்கள். அவரைப் பாராட்டி யாரும் எழுதுவதில்லை, அடுத்த முறை உங்கள் ஒலிச் சோதனைக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் கிடைக்கும்.

அதே நிலையத்துக்கு மறுபடி எப்போது எழுதலாம்?

புதிய பாட்டு இருக்கும்போது. அதுவரை "என்னை நினைவிருக்கிறதா" மடல்கள் வேண்டாம். நடுவில் கச்சேரி ஏதாவது இருந்தால், இரண்டு அழைப்புச் சீட்டுகளை அனுப்பி வையுங்கள். வருவார்களா என்று கேட்க வேண்டியதில்லை.